கில்ட்டுக்குக் கோட்: வாடகையா, ரெடிமேடா, நாகர்கோவில் தையலா?

நாகர்கோவிலில் ஒரு தையல்கடைக்குப் போய் "ஜாக்கெட் தைக்கணும்" என்று சொன்னால் லேடீஸ் டெய்லரைக் கை காட்டிவிடுவார்கள். நம்மிடம் ஜாக்கெட் என்பது சேலைக்குப் போடுவது. ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் கட்டம் போட்ட உல்லன் உடுப்புதான் கில்ட். அதற்கு மேல் அவர்கள் போடும் உடுப்பை இங்கே கோட் என்றுதான் கேட்க வேண்டும், அதுவும் குட்டைக் கோட் என்று.

மேலுடையும் ஸ்காட்லாந்தும் இந்த மண்ணில் சந்திப்பது முதல் முறை அல்ல. பெண்கள் மேலுடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்ட நாட்களில், கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் என்ற மேல்சட்டை போட்டுக்கொள்ளலாம் என்று உத்தரவிட்ட திருவிதாங்கூர் திவான் கர்னல் ஜான் மன்றோ ஸ்காட்லாந்துக்காரர். 1859 வரை நீண்ட அந்தப் போராட்டத்தை அறிந்த ஊரில், ஒரு மேலுடையின் வெட்டைப் பற்றி விரிவாகப் பேசுவது தப்பில்லை.

படிப்புக்கும் ஆஸ்பத்திரி வேலைக்கும் எண்ணெய்க் கம்பெனி வேலைக்கும் ஸ்காட்லாந்தின் அபர்தீன், கிளாஸ்கோ பக்கம் போன பிள்ளைகள் அங்கேயே கல்யாணம் முடிக்கும்போது, மாப்பிள்ளையோடு அப்பாவும் மாமாவும் கில்ட் உடுத்த வேண்டியிருக்கும். கில்ட் அவ்வளவு தொல்லை தராது. வாரும் பக்கிளும் இருப்பதால் இடுப்பில் ஓரிரு இன்ச் கூட்டிக் குறைக்கலாம். போட்டோவைக் கெடுப்பது கோட்தான். எங்கள் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: பகல் கல்யாணத்துக்கு ஆர்கைல் வெட்டில் ஒரு கோட்டை நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ தைத்துக்கொண்டு போங்கள். மாலை விருந்துக்குரிய பிரின்ஸ் சார்லி வேண்டுமென்றால் அங்கே வாடகைக்கு எடுங்கள். இணையத்தில் வரும் ரெடிமேடு கடைசி வழி.

இந்த இரண்டு பெயரும் தெரிந்தால் போதும். பிரின்ஸ் சார்லி கறுப்பில் வரும். காலர் மடிப்பில் சாட்டின் பளபளப்பு, தோளில் பின்னல் பட்டி, வெள்ளி நிறப் பொத்தான்கள். முன்பக்கம் இடுப்போடு நின்றுவிடும், பின்பக்கம் இரண்டு சின்ன வால் தொங்கும். உள்ளே மூன்று பொத்தான் வைத்த கையில்லாத வெஸ்ட், கழுத்தில் போ டை. கோட்டின் முன்பக்கத்தைப் பூட்டவே மாட்டார்கள். ஆர்கைல் சாதாரணக் கோட் மாதிரிதான், ஆனால் குட்டை. முன்விளிம்பு பொத்தானுக்குக் கீழே வளைந்து விலகும். கை முனையில் மேல்நோக்கி மடித்தது போன்ற அகலக் கஃப், அதில் மூன்று பொத்தான். சாதாரண டை போதும். கறுப்புத் துணியில் வெள்ளிப் பொத்தான் வைத்துத் தைத்தால் ஆர்கைலையே மாலைக்கும் போட்டுக்கொள்ளலாம். ஷெரிஃப்முயர், மான்ட்ரோஸ் என்று நிமிர்ந்த காலர் வைத்த வகைகளும் உண்டு. அவற்றை இங்கே தைக்கச் சொல்ல வேண்டாம், வெட்டும் முறையே வேறு.

பீரோவில் இருக்கும் சூட் கோட்டையே மேலே போட்டால் என்ன என்று எல்லோரும் கேட்கிறார்கள். பேன்ட் இடுப்பெலும்பில் நிற்கும் உடுப்பு. கில்ட் தொப்புளுக்கு இரண்டு இன்ச் மேலே நின்று முட்டுச்சிரட்டையின் நடு வரைக்கும் இறங்கும். சூட் கோட்டின் நீளம் பின்பக்கத்தை முழுதாக மூடும் கணக்கில் வெட்டியது. அதைக் கில்ட்டுக்கு மேல் போட்டால் பாதிக் கில்ட் மறைந்துபோய், கீழே பத்து இன்ச் போலத்தான் துணி தெரியும். ஆள் குட்டையாகத் தெரிவார், கில்ட் குட்டைப் பாவாடையாகத் தெரியும்.

நீளத்தை விடத் தொல்லை ப்ளீட் என்ற மடிப்புதான். முழுக் கில்ட்டில் எட்டு கெஜம் போலத் துணி இருக்கிறது. முன்பக்கம் தட்டை, மடிப்பெல்லாம் பின்னால். மேலே தைத்து அமுக்கிய பகுதி முடிந்ததும் அந்த மடிப்புகள் விரிந்து வெளியே தள்ளும். பேன்ட்டுக்கு அளவெடுத்த கோட்டின் அடிச்சுற்று அந்தப் பருமனைத் தாங்காது. கோட்டின் பின்பக்க அடியில் திறப்பாக விடும் வெட்டு வாய் பிளந்து நிற்கும். வெட்டே இல்லாத கோட் என்றால் மேலே ஏறி, முதுகின் நடுவில் கிடைமட்டமாக ஒரு சுருக்கம் விழும். எத்தனை முறை இழுத்து விட்டாலும் அந்தச் சுருக்கம் திரும்ப வரும். துணி மேல் குற்றம் இல்லை, அடிச்சுற்றில் இடம் போதவில்லை என்று அர்த்தம்.

பொத்தானும் இடம் மாற வேண்டும். இரண்டு பொத்தான் சூட் கோட்டைப் பூட்டும் இடம் தொப்புளை ஒட்டி வரும். கில்ட்டின் மேல்விளிம்பு அதற்கு மேலே இருப்பதால், பூட்டிய கோட்டின் திறப்பில் கில்ட்டின் பட்டியும் பக்கிளும் எட்டிப் பார்க்கும். பூட்டும் பொத்தான் ஒன்றரை இன்ச்சிலிருந்து இரண்டு இன்ச் வரை மேலே ஏறினால்தான் கணக்குச் சரி. அதற்குக் கீழே முன்விளிம்பு வளைந்து விலக வேண்டும். இடுப்பிலிருந்து நாலு விரல் கீழே ஸ்போரன் என்ற தோல் பை தொங்கும். நேர்விளிம்புக் கோட் அதன் மேல் ஏறி உட்கார்ந்து பையின் பாதியை மறைத்துவிடும்.

ஆகவே அளவெடுக்கும் வேலை கில்ட்டிலிருந்து தொடங்க வேண்டும். கில்ட்டை அங்கே போய்த்தான் எடுக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு வழி இருக்கிறது. கனமான சமுக்காளத்தையோ கம்பளியையோ இடுப்பிலிருந்து முட்டு வரை வரும் அகலத்துக்கு மடித்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் ஒரே அடுக்கு, பின்பக்கம் மூன்று நான்கு அடுக்கு வருமாறு சுற்றி, தொப்புளுக்கு மேலே பெல்ட் போட்டு இறுக்குங்கள். சாரம் (லுங்கி) கட்டும் இடத்தில் கட்டக்கூடாது. நம்மவர்களின் கை பழக்கத்தில் அங்கேதான் போகும். கில்ட்டை அந்த உயரத்தில் கட்டினால் அடி முட்டுக்குக் கீழே தொங்கும், வெஸ்ட்டுக்கும் கில்ட்டுக்கும் நடுவில் சட்டை தெரியும். கோட் சரியில்லை என்று கடைக்காரரிடம் கோபப்படுகிறவர்கள் முதலில் கில்ட் நிற்கும் உயரத்தைப் பார்க்க வேண்டும்.

தையல்காரரிடம் படத்தை மட்டும் காட்டினால் அவர் சூட் கோட்டை வெட்டிக் கீழே மூன்று இன்ச் குறைத்துத் தந்துவிடுவார். வாய்விட்டுச் சொல்லுங்கள்: "அண்ணாச்சி, இடுப்புல உயரமா கட்டுற உடுப்புக்கு மேல போடுற கோட்டு இது. நீளம் மட்டும் குறைஞ்சா பத்தாது. பொத்தான் மேல ஏறணும், பாக்கெட்டும் மேல ஏறணும், அடிச்சுத்து இதுக்கு மேலயே டேப்பு வச்சு எடுங்க."

இனி கோட்டுக்கு வருவோம். இங்கே மதிப்பிடுவது நாகர்கோவிலில் கல்யாணக் கோட் தைக்கும் ஒரு கடையில் தைத்த ஆர்கைல். ஐந்தடி ஏழு இன்ச் உயரம், மார்பு 40 உள்ள ஆளுக்கு. அந்த உடம்புக்குச் சூட் கோட்டின் பின்நீளம் 29 இன்ச் போல வரும். இதில் கழுத்து எலும்பிலிருந்து அடிவிளிம்பு வரை இருபத்தைந்தரை. கில்ட்டின் மேல் வைத்துப் பார்த்தால் ப்ளீட் விரியத் தொடங்கும் இடத்தை ஒட்டி விளிம்பு முடிகிறது. அதுதான் சரியான இடம். அதற்கு மேலே ஏறினால் வெயிட்டர் கோட் போலத் தோன்றும், கீழே இறங்கினால் பழைய சூட் கோட்டுக்கே திரும்பிவிடும்.

தோள் இந்த மாவட்டத்துத் தையலின் பெரிய பலம். சர்ச் கல்யாணத்துக்குத் தலைமுறை தலைமுறையாகக் கோட் தைத்துப் பழகிய கைகள் இவை. தோள் தையல் தோளெலும்பின் முனையிலேயே நிற்கிறது, பேட் மெல்லியது, கையைத் தூக்கினால் கோட் முழுதும் கூடவே எழும்பவில்லை. பின்கழுத்தில் சட்டைக் காலருக்கும் கோட் காலருக்கும் நடுவே இடைவெளி இல்லை. சட்டைக் காலர் அரை இன்ச் வெளியே தெரிகிறது. ரெடிமேடில் இது அமைவது அபூர்வம். தோள் தப்பினால் பிறகு பிரித்துச் சரிசெய்வது புதுக் கோட் தைக்கும் வேலைக்குச் சமம் என்பதால், இந்த ஒன்றுக்காகவே உள்ளூர்த் தையலுக்கு முதல் இடம் கொடுக்கிறோம்.

குறை பாக்கெட்டில் இருந்தது. முதல் டிரையலில் பாக்கெட் மூடி சூட் கோட்டின் வழக்கமான இடத்திலேயே குறிக்கப்பட்டிருந்தது. மூடியின் கீழ்விளிம்புக்கும் கோட்டின் அடிவிளிம்புக்கும் நடுவே ஒரு விரல் கூட இல்லை. கோட்டை யாரோ பாதியில் வெட்டியது போல இருந்தது. நூலோட்டிய நிலையில்தான் இருந்ததால் இரண்டு இன்ச் மேலே ஏற்ற முடிந்தது. மெஷின் தையல் போட்டுப் பாக்கெட் வாயைக் கீறிய பிறகு பார்த்திருந்தால் அந்த முன்துண்டே வீண். மூடிக்குக் கீழே இரண்டு இன்ச் துணியாவது தெரிய வேண்டும். கில்ட் கோட்டின் பக்கவாட்டுப் பாக்கெட்டில் கனமாக எதையும் வைக்க முடியாது, அந்த வேலைக்குத்தான் ஸ்போரன் இருக்கிறது. ஆழம் நாலு இன்ச் போதும், வெறும் மூடி மட்டும் வைத்தாலும் குறையில்லை.

கஃப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். ஆர்கைலின் அகலக் கஃப் வைத்துப் பொத்தான் போட்ட பிறகு கையின் நீளத்தைக் கீழிருந்து குறைக்க முடியாது. கஃப்பையே பிரித்து எடுக்க வேண்டும், இல்லையென்றால் தோளில் கையைக் கழற்றி மேலிருந்து வெட்ட வேண்டும். இரண்டாவதில் கையின் விழுகையே கெட்டுப்போகும். ஆகவே கஃப் வைக்கும் முன் ஒரு டிரையல் கட்டாயம். கையைத் தொங்கவிட்டால் கோட் கை மணிக்கட்டு எலும்பில் நிற்க வேண்டும், சட்டைக் கஃப் அரை இன்ச் வெளியே வர வேண்டும். கல்யாணத்தன்று எந்தச் சட்டையைப் போடுகிறீர்களோ அதையே போட்டுக்கொண்டு டிரையலுக்குப் போங்கள்.

அடிச்சுற்றில் நாம் மடித்த சமுக்காளத்தின் மேல் எடுத்த அளவோடு இரண்டு இன்ச் தாராளம் விட்டிருக்கிறார்கள். நடுமுதுகு வெட்டுக்குப் பதிலாகப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வெட்டு. இது நல்ல முடிவு: ப்ளீட் தள்ளும்போது இரண்டு பக்கமும் சிறிது சிறிதாக விலகுகிறது, நடுவில் வாய் பிளக்கவில்லை. உட்கார்ந்து பார்க்கவும் மறக்கக்கூடாது. கில்ட் உடுத்தவர் பின்பக்க ப்ளீட்டைக் கையால் தடவி ஒதுக்கிக்கொண்டுதான் உட்காருவார். அந்தக் கை போய்வரும்போது கோட்டின் அடி மாட்டினால் இன்னும் அரை இன்ச் குறைக்கச் சொல்லலாம்.

முன்வளைவு பரவாயில்லை. வளைவு பொத்தானுக்குக் கீழே இரண்டு இன்ச் நேராக இறங்கிய பிறகு தொடங்குகிறது, ஒரு இன்ச் முன்னதாகவே தொடங்கியிருந்தால் இன்னும் அழகு. ஸ்போரனை மறைக்கவில்லை என்பதால் மாற்றச் சொல்லவில்லை.

துணிக்கு வருவோம். கோட்டுக்கு மட்டும் 58 இன்ச் அகலத் துணி ஒன்றே முக்கால் மீட்டர் போதும், வெஸ்ட்டும் சேர்த்தால் இரண்டரை. கட்டம் போட்ட துணி வேண்டாம். கில்ட்டிலேயே கட்டம் இருக்கிறது, இரண்டும் மோதும். கறுப்பு, கரும்பச்சை, சாம்பல், கருநீலம் எதுவானாலும் சரி. ட்வீட் என்ற தடித்த உல்லன் துணி அங்கே வழக்கம். ஆனால் ஊருக்கு வந்தபின் வடசேரி வெயிலில் ஒரு நாள் கூடப் போட முடியாது. மெல்லிய உல்லன் சூட் துணி இரண்டு இடத்துக்கும் ஒத்துவரும், ஸ்காட்லாந்தின் கோடைக்கு அது தாராளம். பாலியெஸ்டர் கலப்பு அதிகமுள்ள துணி கில்ட்டின் மங்கலான உல்லனுக்குப் பக்கத்தில் பளபளத்துத் தனியாகத் தெரியும். எந்த உல்லனானாலும் வெட்டும் முன் ஆவி காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் முதல் இஸ்திரியில் சுருங்குவது கோட் தைத்த பிறகு நடக்கும். லைனிங் முதுகில் பாதி வரைக்கும் போதும், கைக்கு முழுதும் வேண்டும்.

நெஞ்சுப் பகுதிக்குள் வைக்கும் கேன்வாஸையும் கேட்டுக்கொள்ளுங்கள். பசை வைத்து ஒட்டும் ஃபியூசிங் சீக்கிரம் முடியும், விலையும் குறைவு. சூடும் அழுத்தமும் ஒரே சீராக விழவில்லையென்றால் ஒன்றிரண்டு டிரைகிளீனிங்குக்குப் பிறகு நெஞ்சில் கொப்புளம் கொப்புளமாக எழும்பும், அதை நீக்க வழியில்லை. இந்தக் கோட்டில் நெஞ்சுக்குக் கேன்வாஸைத் தைத்தும் கீழ்ப்பகுதிக்கு மட்டும் ஃபியூசிங் ஒட்டியும் இருக்கிறார்கள். ஒரு கல்யாணத்துக்கும் பிறகு சில கிறிஸ்துமஸ்களுக்கும் இது தாங்கும்.

பொத்தானுக்கு ட்வீட் கோட்டில் அவர்கள் மான்கொம்பு வைப்பார்கள். இந்தியாவில் மான்கொம்பு வாங்குவதும் விற்பதும் சட்டப்படி குற்றம், யாராவது தருகிறேன் என்றாலும் தொடாதீர்கள். அதற்கு மிக அருகில் வருவது நம் சிரட்டைப் பொத்தான். பழுப்பில் ஓடும் அந்த ரேகை பச்சை, சாம்பல் துணிக்கு அப்படியே பொருந்துகிறது. இந்தக் கோட்டில் முன்பக்கம் ஒன்று, கஃப்புக்கு மூன்று வீதம் ஆறு, ஆக ஏழு சிரட்டைப் பொத்தான். எங்கள் கண்ணுக்கு இதுதான் கோட்டின் அழகே. உலோகப் பொத்தான் வைத்தால் காது வைத்த பொத்தானாக, உள்ளே வளையத்தில் மாட்டும்படி வைக்கச் சொல்லுங்கள். டிரைகிளீனிங்குக்குக் கொடுக்கும் முன் கழற்றி வைக்கலாம். கடல்காற்று அடிக்கும் குளச்சல், கன்னியாகுமரி பக்கம் முலாம் சீக்கிரம் கறுக்கும்.

பழைய சூட் கோட்டை வெட்டிச் சரிசெய்வது சிலருக்கு ஒத்துவரும். தோளும் கையும் ஏற்கெனவே பொருந்தியிருக்க வேண்டும். மூன்று பொத்தான் கோட்டாக இருந்தால் மேல் அல்லது நடுப் பொத்தான் கில்ட்டுக்குரிய உயரத்திலேயே கிடைக்கும். கீழே உள்ள காஜா வளைவோடு வெட்டுப்பட்டுப் போய்விடும். இரண்டு பொத்தான் கோட்டில் புதுக் காஜா மேலே போட்டாலும் பழையது தழும்பாக நிற்கும், காலர் மடிப்பும் பழைய இடத்திலேயே உடையும். பாக்கெட் மேலே ஒட்டிய பாக்கெட்டாக இருந்தால் பிரித்து மேலே ஏற்றலாம், கீறி வைத்த பாக்கெட் என்றால் அசைக்க முடியாது. மூடியின் அடியிலிருந்து கோட்டின் அடிவரை டேப் வைத்துப் பாருங்கள். ஐந்து இன்ச் இருந்தால் மூன்று வெட்டலாம். நாலுதான் என்றால் அந்தக் கோட்டை விட்டுவிடுங்கள்.

ரெடிமேடு வாங்கியே ஆக வேண்டும் என்றால், அளவுப் பட்டியலில் மார்பு எண்ணுக்குப் பக்கத்தில் ஷார்ட், ரெகுலர், லாங் என்று இருக்கும். ஐந்தடி ஏழுக்குக் கீழே உள்ளவர்கள் ஷார்ட் பாருங்கள். ரெகுலரில் கை ஒரு இன்ச்சாவது நீண்டு வரும், அந்தக் கஃப் தொல்லையில் மாட்டிக்கொள்வீர்கள். இடுப்பளவு கேட்டால் பேன்ட் அளவைக் கொடுக்கக்கூடாது. தொப்புளுக்கு மேலே டேப் சுற்றி எடுத்த அளவைக் கொடுங்கள், பேன்ட் அளவை விட அது பெரும்பாலும் இரண்டு இன்ச்சாவது கூடும். தொப்பை உள்ளவர்கள் பிரின்ஸ் சார்லியை ரெடிமேடில் எடுக்க வேண்டாம். பூட்டாத கோட் என்பதால் அதைத் தாங்கிப் பிடிப்பது தோளும் நெஞ்சும்தான். நெஞ்சு சரியாக இருந்து வயிறு முன்னால் இருந்தால் இரண்டு முன்பக்கமும் விலகி அக்குள் பக்கம் போய்விடும், வெஸ்ட் மட்டுமே தெரியும்.

வாடகைக் கடைகள் கில்ட்டிலிருந்து காலுறை, ஷூ வரை ஒரே தொகுப்பாகத் தருகின்றன. அளவை முன்கூட்டியே அனுப்பலாம், ஆனால் கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பாவது நேரில் போட்டுப் பாருங்கள். கை நீளத்தையும் தோளையும் மட்டும் பார்த்தால் போதும், வேறு எதுவும் அவ்வளவு பெரிதாகத் தெரியாது.

இங்கே தைப்பவர்கள் காலத்தைக் கவனிக்க வேண்டும். தவக்காலத்தில் சர்ச் கல்யாணங்கள் குறைவு, கோட் தைப்பவர்கள் கை ஓய்ந்திருக்கும். அப்போது கொடுத்தால் நூலோட்டிய நிலையில் ஒன்று, கஃப்புக்கு முன் ஒன்று, முடிந்த பிறகு ஒன்று என்று மூன்று டிரையலும் பொறுமையாகக் கிடைக்கும். ஈஸ்டர் தாண்டியதும் கொடுத்தால் ஒரே டிரையலில் முடித்துக் கையில் தந்துவிடுவார்கள், பாக்கெட் தப்பு அப்போதுதான் கண்ணில் படும்.

மழைக்காலத்தில் கோட்டைப் பாலிதீன் உறையில் வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். பழைய வேட்டியில் உறை தைத்து மாட்டுங்கள், பாச்சை உருண்டை துணியைத் தொடாமல் இருக்கட்டும். மீந்த துணியையும் இரண்டு சிரட்டைப் பொத்தானையும் கடையில் கேட்டு வாங்கி அந்த உறைக்குள்ளேயே போட்டு வையுங்கள். பின்னாளில் கஃப் மாற்ற வேண்டி வந்தால் அதே சாயத்தில் துணி கிடைக்காது.